வலிப்பு மருந்துகளின் வரலாறு: பயனும் பக்கவிளைவும்

மருந்துகளின் வரலாற்றை எழுதுவோர் அவை தணித்த நோய்களையே பெரிதும் பேசுவர். வலிப்பு மருந்துகளைப் பொறுத்தவரை, பக்கவிளைவுகளையும் உடன்வைத்து நோக்கினாலன்றி அவ்வரலாறு முழுமை பெறாது என்பதே எமது கருத்தாகும்.

1857 மே மாதத்தில் இலண்டனில் நிகழ்ந்த மருத்துவர் கூட்டமொன்றில், பொற்றாசியம் புரோமைட்டு பெண்கள் சிலரின் வலிப்பைத் தணித்தமையைச் சார்ள்ஸ் லொக்கொக் எடுத்துரைத்தார். அம்மருந்து விரைவிற் பரவிற்று. ஆயின் அதனை நெடுநாள் உட்கொண்டோரிடத்துத் தோற்கொப்புளங்களும் அறிவுமந்தமும் மனக்குழப்பமும் தோன்றலாயின. 1912 இல் ஜேர்மனிய மருத்துவர் அல்பிரட் ஹவுப்ற்மன், உறக்கத்துக்கெனக் கொடுக்கப்பட்ட பீனோபாபிற்றோன் வலிப்பையுங் குறைத்தலைக் கண்டார். மலிவு காரணமாக வறிய நாடுகளில் இன்றும் அது வழக்கிலுள்ளது. உறக்கமயக்கம் அதன் குறையாகும். 1938 இல் பொஸ்ரனில் மெறிற்றும் பற்னமும் பூனைகளிற் பரிசோதித்து அறிமுகஞ் செய்த பெனிற்றோயின், மிகுந்த மயக்கமின்றியே வலிப்பை அடக்கலாம் என நிறுவியது. எனினும் ஈறு தடித்தலும் மிகை உரோம வளர்ச்சியும் உடன்வந்தன.

இவையெல்லாம் உட்கொண்டவரின் உடலிலேயே புலப்பட்டன. வல்புரோயேற்றின் கதை வேறுபட்டது. 1882 இல் ஆக்கப்பெற்ற இச்சேர்வை நெடுங்காலம் வெறுங் கரைப்பானாகவே பயன்பட்டது. 1960களின் தொடக்கத்தில் பிரான்சின் கிரெனோபிள் நகரில், வேறு பொருள்களைக் கரைக்க இதனைக் கையாண்டோர், கரைப்பானே வலிப்பைத் தடுப்பதைக் கண்டனர். 1967 முதல் பிரான்சில் மருந்தாக வழங்கப்பட்ட இது, பலவகை வலிப்புகளுக்கும், பின்னர் மனவெழுச்சி நோய்க்கும் ஒற்றைத் தலைவலிக்கும் பயன்பட்டது.

1982 இல், கருவுற்ற தொடக்கத்தில் இதனை உட்கொண்ட தாய்மாரின் குழந்தைகளிடையே முள்ளந்தண்டுப் பிளவு மிகுந்திருத்தல் பிரான்சின் லியோன் பகுதியிலிருந்து அறிவிக்கப்பட்டது. கருவில் இம்மருந்துக்கு உட்பட்ட குழந்தைகளுள் ஏறத்தாழ 10 பேரில் ஒருவருக்குப் பிறவிக் குறைபாடும், 3 அல்லது 4 பேருக்கு மொழி, கற்றல் முதலிய வளர்ச்சிக் குறைபாடுகளும் ஏற்படலாம் என்பது பின்னைய ஆய்வுகளால் தெளிவாயிற்று. ஆயினும், கருத்தடை ஏற்பாடின்றி மகப்பேற்று வயதுப் பெண்களுக்கு இதனை வழங்கலாகாது எனப் பிரித்தானியா விதித்தது 2018 இலேயே. பல தாய்மாருக்கு இவ்வாபத்து முறையாக உணர்த்தப்படவில்லை என 2020 இல் அங்கு வெளியான மீளாய்வறிக்கை சுட்டிற்று. அறிந்ததற்கும் அறிவித்ததற்கும் இடையே ஒரு தலைமுறை கழிந்துவிட்டது.

இதனால் இம்மருந்துகள் வேண்டாதன எனக் கொள்ளலாகாது. திடீரென நிறுத்தினால் ஓயாத வலிப்பு நேர்ந்து தாயும் சேயும் உயிரிழக்கவுங் கூடும். சிலருக்கு வல்புரோயேற்றன்றி வேறெதுவும் பயன்தருவதில்லை. ஆதலால், மருந்தின் பயனைக் கூறும் மருத்துவர் அதன் தீங்கையும் அதே வேளையிற் கூறுதல் கடமையாகும். உட்கொள்பவர் அறிந்து தெரிவு செய்யும் உரிமை அதனிலேயே தங்கியுள்ளது.