குமிழ நடவும் தாவரவியலும்: லெய்டன் தோட்டத்தை முன்வைத்து

பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பியத் தாவரவியலின் வரலாறு பெரும்பாலும் அச்சிட்ட நூல்களையும் உலர்தாவரத் தொகுப்புகளையும், அதாவது செடிகளை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டிவைத்த ஏடுகளையும், சான்றாகக் கொண்டே எழுதப்படுகிறது. இத்தாலியில் லூக்கா கினியும் அவருடைய மாணவர்களும் பரப்பிய இம்முறை, செடி பட்டுப்போகும் குளிர்காலத்திலும் அதை ஆராய வழிசெய்தது. எனினும், துலிப் போன்ற குமிழத் தாவரங்களுக்கு அது பெரிதும் பயன்படவில்லை. குமிழம் என்பது, வெங்காயத்தில் காண்பதுபோல், சதைப்பற்றுள்ள செதில்கள் அடுக்கடுக்காகச் சூழ்ந்த நிலத்தடி உறுப்பு. அதை அழுத்தினால் நசுங்கும், பூவை உலர்த்தினால் நிறம் மங்கும். இலையுதிர்காலத்தின் கடைசி வாரங்களில் அதை நட்டு, ஆண்டுதோறும் அகழ்ந்தெடுத்து மீண்டும் நட்டவர்களே அதன் இயல்பை அறிந்தனர். தாவரத்தின் வடிவத்தோடு அதன் வாழ்க்கைப் போக்கையும் ஆய்வுப்பொருளாக்கியதில் இந்த நடவுக்கு உள்ள பங்கு உரிய அளவு மதிக்கப்படவில்லை.

துலிப் கோடையில் இலையும் தண்டும் காய்ந்து, குமிழமாக மட்டும் உறக்கநிலையில் எஞ்சுகிறது. அந்நிலையில் மண்ணும் நீருமின்றிப் பல வாரங்கள் கெடாமல் இருப்பதாலேயே அது கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து மேற்கே வர முடிந்தது. மண் குளிர்ந்த பின் நட்டால் முதலில் வேர் மட்டுமே ஓடும். சுமார் 12 முதல் 16 வாரக் குளிர் கிடைத்தால்தான் தண்டு முறையாக நீளும். வெதுவெதுப்பான மண்ணில் முந்தி நட்டாலோ அழுகல் நோய் தொற்றும். இவை எதுவும் அறியாதவர் கையில் குமிழம் பட்ட பாட்டைக் கரோலஸ் குளூசியஸ் (1526–1609) பதிவுசெய்திருக்கிறார். ஆன்ட்வெர்ப் வணிகர் ஒருவர், துணிப் பொதிகளோடு வந்த குமிழங்களை வெங்காயமென்று கருதி, சிலவற்றைச் சுட்டு எண்ணெயும் காடியும் சேர்த்து உண்டார். மிஞ்சியவற்றைக் கோசுப் பாத்தியில் புதைத்துக் கவனியாது விட்டதால் அவற்றுள் பெரும்பாலானவை அழிந்தன.

குளூசியஸ் ஏட்டறிஞரும்கூட. இந்தியாவைக் காணாமலே, கோவாவில் 1563-இல் அச்சான கார்சியா த ஓர்த்தாவின் மருந்துப்பொருள் நூலை 1567-இல் லத்தீனில் சுருக்கி வெளியிட்டவர். 1593 அக்டோபரில் லெய்டன் பல்கலைக்கழகத் தோட்டத்துக்கு அவர் வந்தபோது வயது 67. காயத்தின் விளைவாக நடப்பதே அவருக்கு அரிதாக இருந்தது. ஆதலால் மறு ஆண்டு பாத்தி பிரித்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகைகளை நட்டுத் தோட்டத்தை உருவாக்கிய உழைப்பு, டெல்ஃப்ட் நகர மருந்து வணிகரான டிர்க் கிளாய்ட்டைச் சேர்ந்தது. புகழ் மட்டும், வழக்கம்போல், பேராசிரியருக்குப் போயிற்று.

விதையிலிருந்து வளரும் துலிப் பூக்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். அத்தகைய நெடுங்காலக் கவனிப்பின் பயனை 1601-இல் வெளிவந்த குளூசியஸின் பெருநூலில் காணலாம். ஒரே நிறத்தில் பூத்துவந்த துலிப், திடீரென இதழ்களில் தீச்சுடர் போன்ற வரிகள் ஓடிப் பூத்தால், அதன் குமிழம் நலிந்து பெரும்பாலும் மடிந்துபோகிறது என்று அவர் கண்டார். உலர்தாவர ஏட்டில் அது அழகிய ஒரு மலராக மட்டுமே எஞ்சியிருக்கும். நலிவைக் காண, அதே குமிழம் பல ஆண்டுகள் கையில் வந்துபோக வேண்டும். நலிந்த குமிழத்தின் திசுவை நல்ல குமிழத்தில் ஒட்டினால் வரிகள் தொற்றுகின்றன என்பதை டோரதி கேய்லி 1928-இல்தான் நிறுவினார்; காரணம், அசுவினிகள் பரப்பும் வைரஸ். ஹாலந்தின் வணிகர்களோ 1636–37 குளிர்காலத்தில், குமிழங்கள் மண்ணுக்குள் கிடக்க, வெறும் ஒப்பந்தச் சீட்டுகளைக் கைமாற்றியபோது, மிக உயர்ந்த விலை கொடுத்தது இந்த நோயுற்ற வகைகளுக்கே.