காஹிராவின் இரு கழகங்கள்

பெயர்களுக்குள் வரலாறு உறைந்திருக்கும் என்பதற்குக் காஹிரா நகரின் இரு கால்பந்துக் கழகங்களே சான்றாகும். எகிப்தில் ஆங்கிலேயர் ஆதிக்கம் நிலவிய 1907இல் 'அல் அஹ்லீ' தோன்றியது. 'நாட்டு மக்களுக்குரியது' என்பது அவ்வரபுச் சொல்லின் பொருள். எகிப்திய மாணவர் கூடுவதற்கென எழுந்த கழகத்துக்கு அப்பெயர் பொருந்திற்று. பெல்ஜிய வழக்கறிஞர் மெர்ஸ்பாக் 1911இல் நிறுவிய மற்றொன்று, எகிப்தியரும் அயலாரும் கலந்திருந்தமையால் 'முக்தலத்' எனப்பட்டது. பின்னர் மன்னர் ஃபாரூக்கின் பெயரைத் தாங்கியது. 1952ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் 'ஸமாலிக்' ஆயிற்று.

செந்நிறத்தார், வெண்ணிறத்தார் என நகரமே பிரிந்தது. இவ்விரண்டும் மோதும்போது வெளிநாட்டு நடுவரை வரவழைக்கும் வழக்கமும் நெடுநாள் இருந்தது.

ஆயினும், உயிர்கள் பறிபோனது இவ்விரண்டும் மோதிய களத்தில் அன்று. 2012 பிப்ரவரி 1இல் போர்ட் ஸயீத் நகரில் அல் மஸ்ரீ கழகத்துடன் அஹ்லீ ஆடியபோது விளைந்த கலவரத்தில் 70க்கும் மேற்பட்டோர் மாண்டனர். செய்தி எட்டியதும் காஹிராவில் நடந்துகொண்டிருந்த ஸமாலிக்கின் ஆட்டம் நிறுத்தப்பட்டது. 2015 பிப்ரவரியில் ஸமாலிக் ரசிகர் சுமார் 20 பேர், காவலர் கண்ணீர்ப்புகை வீச, அரங்க வாயில் நெரிசலில் இறந்தனர்.

நம் ஊர்களிலும் இளைஞர் அணி பிரிந்து ஆடுகின்றனர். ஆடட்டும், வெல்லட்டும். ஜனாஸாவைத் தூக்கும் தோள்களில் எந்த அணியின் நிறமும் இல்லை என்பதை மட்டும் அவர்களுக்கு நாம் நினைவூட்டுவோம்.