பால் வாளியும் சிலேட்டும்



மலாயாவில் ரப்பரை முதன்முதலில் வியாபாரப் பயிராக நட்டது நம் மலாக்கா மண்ணில்தான். 1896ஆம் ஆண்டு டான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் அதைத் தொடங்கினார். பிறகு தோட்டங்கள் பெருகின. கங்காணிகள் வழியாக நம் முன்னோர் தமிழகத்திலிருந்து வந்து இறங்கினர். லயத்தில் குடியிருப்பு, விடியுமுன் பெரட்டு, அப்புறம் பால்வெட்டு. இதுதான் அவர்கள் கண்ட உலகம்.

கூலி எவ்வளவு தெரியுமா? 1920களின் இறுதியில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்பதே பல இடங்களில் நிர்ணயக் கூலி. பால்மரம் என்ன, ஆம்பளையா பொம்பளையா என்று பார்த்தா பால் சுரக்கிறது? பொருளாதார மந்தம் வந்தபோது அந்தக் காசும் குறைந்தது. பின்னர் பழைய நிலைக்கு வந்த கூலியை, 1938இல் முதலாளிமார் 45 காசு, 36 காசு என மீண்டும் குறைத்தனர். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் இந்திய அரசு, உதவிப் பயணத்தில் தொழிலாளர் வருவதையே நிறுத்தியது.

சீனத் தொழிலாளருக்கு நம்மவரை விடக் கூடுதல் கூலி கிடைத்து வந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர், ஆர். எச். நாதன் போன்றோர் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுக்குச் சமமான கூலி வேண்டும் என்றார்கள். அதோடு நிற்கவில்லை, பிள்ளைகளுக்கு நல்ல கல்வி வேண்டும், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டார்கள். படை வந்தது, சிலர் உயிரிழந்தனர், நாதன் நாடு கடத்தப்பட்டார்.

வயிற்றுக்குப் போராடியவர்கள் பள்ளிக்கூடத்தையும் ஏன் கேட்டார்கள்? காரணம் உண்டு. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. பள்ளி வந்தது, ஆனால் பல இடங்களில் கிராணியாரோ கங்காணியோதான் வாத்தியார். நாலாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அப்புறம் என்ன? சிலேட்டு பிடித்த கை பால் வாளி பிடித்தது. குறைந்த கூலி பிள்ளையை வேலைக்கு இழுத்தது; குறைந்த படிப்பு அவனைக் குறைந்த கூலியிலேயே நிறுத்தியது.

இந்தச் சுற்றை உடைக்க இரண்டு பக்கமும் தட்ட வேண்டியிருந்தது. 1954இல் மலாக்கா, அலோர் காஜா சங்கங்கள் உட்படப் பல சங்கங்கள் ஒன்றாகி தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. அதற்குப் பின் கூலி, துரையின் தயவாக இல்லாமல் கூட்டு ஒப்பந்தமாகப் பேசப்பட்டது. 1962இல் தொடக்கப்பள்ளிக் கட்டணம் நீங்கியது. 1965இலிருந்து இடைநிலைப்பள்ளிக்கு நுழைவுத் தேர்வு என்ற தடை இல்லை. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் புகுமுக வகுப்பு வழியாக மேலே சென்றனர். 2013ஆம் ஆண்டு தீபகற்பத்தில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 900 வெள்ளி என்றானது. 2025இல் அது 1,700 வெள்ளி. அந்த எண்ணில் இனமும் இல்லை, ஆண் பெண் பேதமும் இல்லை.

ஆனாலும் சட்டம் வாசற்கதவைத்தான் திறக்கும். உள்ளே நடந்து போக வேண்டியது நம் கால்தான். இடையிலே படிப்பை விடும் பிள்ளைக்கு அந்தப் பழைய சுற்று இன்னும் காத்துக்கொண்டுதான் இருக்கிறது.

மாணவர்களே! இன்று மேடையேறிப் பரிசு வாங்கும்போது, 40 காசுக்கு மரம் வெட்டிய ஒரு பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பெற்றோர்களே! பிள்ளையை ஒரு நாள்கூட வீட்டில் நிறுத்தாதீர்கள். அவர்கள் கேட்டு வாங்கிய பள்ளி இது.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!