வின்செஸ்டர் கல்லூரி

இங்கிலாந்தின் தென்பகுதியில், ஹாம்ப்ஷயரின் வின்செஸ்டர் நகரில் உள்ள தனியார் உறைவிடப் பள்ளி. பெயர் கல்லூரி என்றாலும் பயில்வோர் 13 முதல் 18 வயதினர். பழைய கட்டடங்களிலேயே அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாக இடையறாமல் நடந்துவருகிறது.

தோற்றம்: இதை நிறுவிய வில்லியம் ஆஃப் விக்கம் எளிய குடும்பத்தில் பிறந்தவர். அரண்மனைக் கட்டுமானப் பணிகளை மேற்பார்வையிட்டு மன்னரின் நம்பிக்கையைப் பெற்று, வின்செஸ்டர் ஆயராகவும் நாட்டின் சான்சலராகவும் உயர்ந்தார். 1348-49 கொள்ளைநோயில் குருமார் ஏராளமாக மாண்டனர். படித்த குருமாருக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. அதைப் போக்க 1379இல் ஆக்ஸ்ஃபோர்டில் நியூ காலேஜையும், அங்கு செல்லுமுன் மாணவர்கள் லத்தீன் கற்க 1382இல் இந்தப் பள்ளியையும் நிறுவினார். 1394 மார்ச் 28 அன்று மாணவர்கள் புதுக் கட்டடத்தில் குடியேறினர்.

ஏழை மாணவர் 70 பேருக்கு உணவும் உறைவிடமும் கல்வியும் இலவசம் என்பது விதி. அதே விதிகள் நிறுவனரின் உறவினருக்கு முன்னுரிமை அளித்தன. உயர்குடிப் பிள்ளைகள் சிலர் கட்டணம் செலுத்திச் சேரவும் வழிவிட்டன. பிற்காலத்தில் இது செல்வர் பள்ளியாக மாறியதற்கான வித்து இங்கேயே ஊன்றப்பட்டுவிட்டது. மன்னர் ஆறாம் ஹென்றி 1440இல் ஈட்டன் பள்ளியை நிறுவியபோது இதையே முன்மாதிரியாகக் கொண்டார். இதன் தலைமையாசிரியர் வில்லியம் வெய்ன்ஃபிளீட்டையும் அங்கே அழைத்துக்கொண்டார்.

இயல்பு: சமையலறைக்கு அருகே ஒரு சுவரோவியம் உண்டு: 'நம்பிக்கைக்குரிய பணியாள்'. பன்றி முகம், வாய்க்குப் பூட்டு, கழுதைக் காது, மான் கால். கிடைத்ததை உண்பான், ரகசியம் காப்பான், பொறுத்துப்போவான், ஏவியதும் ஓடுவான் என்பது பொருள். 17ஆம் நூற்றாண்டு வகுப்புக் கூடத்தின் சுவரோ மூன்றே வழிகளைக் காட்டுகிறது: படி, வெளியேறு, அல்லது அடிவாங்கு. இந்தக் கெடுபிடிக்கு எதிர்ப்பும் இருந்தது. பிரெஞ்சுப் புரட்சிக் காலமான 1793இல் மாணவர்கள் கிளர்ந்தெழுந்து பள்ளியைக் கைப்பற்றினர். மூத்த மாணவர் இளையவரைப் பிரம்பால் அடிக்கும் வழக்கம் 1872இல் பத்திரிகைகளில் பெரும் கண்டனத்துக்கு உள்ளானது. பிரம்படி கல்வியை வளர்க்கவில்லை; பிற்காலத்தில் அந்த 70 இலவச இடங்களுக்குப் போட்டித் தேர்வு வழியே வந்த உதவித்தொகை மாணவர்களே பள்ளியின் அறிவுப் பெயரை நிலைநிறுத்தினர்.

அவர்களில் ஒருவர் ஜி. எச். ஹார்டி. 1913இல் சென்னைத் துறைமுக எழுத்தர் ராமானுஜனின் கடிதத்தைப் படித்து, அவரது மேதைமையை அறிந்து கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த கணிதர் இவரே. முன்னாள் பிரதமர் ரிஷி சுனக்கும் இங்கு படித்தவர்.

இன்றைய நிலை: உதவித்தொகை மாணவர்கள் இன்றும் பழைய கட்டடங்களிலேயே தங்குகின்றனர். 2022 முதல் மேல்நிலை வகுப்புகளில் மாணவிகளும் சேர்க்கப்படுகின்றனர்.