பொனிபாசியோ நீரிணை: ஒரு மணி நேரக் கடலும் எழுநூறு ஆண்டுக் கதையும்

பாரிசில் வாழும் என் மருமகன், வரும் கோடை விடுமுறையில் குடும்பத்துடன் தன் காரிலேயே மத்தியதரைக் கடல் தீவுகளைச் சுற்றிவர எண்ணியுள்ளதாகக் கூறி, பயணத்திட்டத்தை எனக்கு அனுப்பியிருந்தான். மார்செய் துறைமுகத்தில் மாலையில் காரைக் கப்பலில் ஏற்றினால், மறுநாட் காலை கோர்சிக்காவின் அஜாக்சியோவில் இறங்கலாம். வளைந்து செல்லும் மலைவீதியில் தெற்கே ஏறத்தாழ 130 கிலோமீற்றர் ஓடினால் பொனிபாசியோ. அங்கே மீண்டும் ஒரு சிறு கப்பல்; ஐம்பது நிமிடத்தில் சார்டினியாவின் சாந்தா தெரேசா. பின் மேற்கே போர்த்தோ தொர்ரெஸ் வரை சென்று இரவுக் கப்பலில் ஜெனோவா. அங்கிருந்து தரைவழியே வீடு. பொனிபாசியோவுக்கு நேரே அவன் எழுதியிருந்தவை இரண்டே சொற்கள்: "கப்பல் மாற்றம்".

அந்த இரண்டு சொற்களே இக்கட்டுரைக்குக் காரணம்.

நம்மூரில் காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே வாகனங்களை ஏற்றிச் செல்லும் மிதவையைப் 'பாதை' என்றே அழைப்போம். பொனிபாசியோ நீரிணையும் அத்தகைய ஒரு பாதையே. அதன் மிகக் குறுகிய இடத்தின் அகலம் ஏறத்தாழ 11 கிலோமீற்றர். வடகரை பிரான்ஸ், தென்கரை இத்தாலி. அந்த எல்லையை வரைந்தவர்கள் எவரும் அக்கரைகளில் வாழ்ந்தவர்களல்லர்.

1297இல் பாப்பரசர் எட்டாம் பொனிபாஸ், இரு தீவுகளையும் சேர்த்து 'சார்டினியா - கோர்சிக்கா இராச்சியம்' என்ற ஒன்றைக் கடதாசியில் உருவாக்கி, அரகன் மன்னன் இரண்டாம் ஜேம்சுக்கு வழங்கினார். (ஊரின் பெயர் இவரிடமிருந்து வந்ததன்று. அது 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தொஸ்கானிப் பிரபு ஒருவரின் பெயர்.) அரகனியர் 1323இல் படையெடுத்துச் சென்று சார்டினியாவில் காலூன்றினர், கோர்சிக்காவோ ஒருபோதும் முழுமையாக அவர்கள் வசமாகவில்லை. சுண்ணக்கற் பாறையின் உச்சியில் ஜெனோவாக்காரர் குடியேறியிருந்த பொனிபாசியோவை ஐந்தாம் அல்பொன்சோ 1420இல் முற்றுகையிட்டும் பிடிக்க இயலாது அடுத்த ஆண்டு திரும்பினான். அம்முற்றுகையின்போது ஒரே இரவில் செதுக்கப்பட்டதாகக் கூறப்படும் 187 படிகளை இன்றும் அப்பாறையிற் காணலாம். கதை அழகானது, நம்பத்தக்கதன்று.

அதன்பின் தீவுகள் கைமாறிய விதம் சந்தைக் கணக்கை ஒத்தது. 1720இல் சார்டினியா சவோய் வம்சத்தின் கைக்குச் சென்றது. 1755 முதல் பஸ்குவாலே பாவோலியின் தலைமையில் தனிக் குடியரசாக இயங்கிய கோர்சிக்காவை அடக்க இயலாத ஜெனோவா, 1768இல் அதனைப் பிரான்சிடம் ஒப்படைத்தது. 1769 மே மாதம் பொந்தே நுவோவில் பாவோலியின் படை தோற்றது. அவ்வாண்டு ஆகஸ்ட் 15ஆம் திகதி அஜாக்சியோவில் நெப்போலியன் பிறந்தார்.

அரசுகள் இவ்வாறு பங்கு பிரிக்க, தென் கோர்சிக்காவின் இடையர்கள் மந்தைகளுடன் நீரிணையைக் கடந்து வட சார்டினியாவிற் குடியேறிய வண்ணமிருந்தனர். அங்கு இன்று பேசப்படும் கல்லுரேசு மொழி, சார்டினிய மொழியைவிடக் கோர்சிக்க மொழிக்கே நெருக்கமானது. இடையிலுள்ள லா மதலேனாத் தீவுகளில் வாழ்ந்தோரும் கோர்சிக்க இடையர்களே. 1767இல் சவோய்ப் படையினர் வந்திறங்கியதும் அவர்கள் சார்டினிய மன்னனின் குடிகளாயினர்.

இந்த இடத்திற்றான் 1793 பெப்ரவரியில் புரட்சிப் பிரான்சின் படைப்பிரிவொன்று பொனிபாசியோவிலிருந்து வந்து தாக்கியது. தொண்டர் படையில் ஓர் அதிகாரியாக வந்திருந்தார், 23 வயதேயான நெப்போலியன். சாந்தோ ஸ்தெபானோ என்ற சிறுதீவில் பீரங்கிகளை நிறுத்தி, எதிரேயிருந்த லா மதலேனாவை நோக்கிச் சுடவும் தொடங்கினார். எதிர்த்து நின்றோருள் முன்னணியில் இருந்தவர், அத்தீவிற் பிறந்த கடற்படை வீரர் தொமெனிக்கோ மில்லெலிரே. கோர்சிக்க வழிவந்த குடும்பம் அவருடையது. வந்தவர்களில் பலரும் கோர்சிக்கர். தடுத்தவர்களும் அவர்கள் வழித்தோன்றல்கள். ஒரே மொழி பேசிய உறவுகள் இரண்டு தூரத்து அரசுகளுக்காக ஒன்றையொன்று சுட்டன. இறுதியில் பிரெஞ்சுக் கப்பலின் மாலுமிகளே கலகம் செய்ததால் பின்வாங்கும்படி உத்தரவாயிற்று. பீரங்கிகளைக் கரையிலேயே கைவிட்டுத் திரும்ப நேர்ந்தது நெப்போலியனுக்கு. அவரது வெற்றிகளைப் பக்கம் பக்கமாக எழுதும் நூல்கள் இந்தத் தோல்வியை ஒரு வரியிற் கடந்துவிடுவதை நான் பலமுறை கவனித்திருக்கிறேன்.

படகு சென்றடையும் சாந்தா தெரேசாவோ 1808இல் முதலாம் விக்டர் இமானுவேல் மன்னன் நிறுவி, தன் அரசியின் பெயரைச் சூட்டிய ஊர். நீரிணைவழி நடந்த கள்ளக்கடத்தலைக் கட்டுப்படுத்துவதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. உறவினருக்குள் நடந்த கொடுக்கல்வாங்கல், எல்லை வந்ததும் கடத்தலாகிவிட்டது! 1822இல் தொடங்கப்பட்ட சார்டினியாவின் பெருவீதியும் தெற்கே கலியாரியிலிருந்து போர்த்தோ தொர்ரெசுக்கே சென்றது. கோர்சிக்காவை நோக்கி வரவில்லை.

மருமகனுக்கு ஓர் எச்சரிக்கையும் எழுதினேன். காற்று மிகுந்தால் இச்சிறு கப்பல் ஓடாது. 1855 பெப்ரவரி 15ஆம் திகதி, கிரிமியப் போருக்குத் துருப்புகளுடன் சென்ற 'செமியாந்த்' என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பல் இந்நீரிணையின் லவேசித் தீவருகே பாறையில் மோதிச் சிதறியது. ஏறத்தாழ எழுநூறு பேரில் ஒருவரும் தப்பவில்லை. அவர்களின் கல்லறைகள் அத்தீவில் உள்ளன. அபாயகரமான சரக்கேற்றிய தங்கள் நாட்டுக் கப்பல்கள் இவ்வழியே செல்வதைப் பிரான்சும் இத்தாலியும் 1993இல் தடைசெய்தன.

ஆகவே பொனிபாசியோவில் ஓர் இரவும், பலாவுவிலிருந்து காருடன் லா மதலேனா சென்றுவர ஒரு பகலும் சேர்க்கும்படி எழுதினேன். அன்றிரவே தொலைபேசியில் அழைத்தான். தொண்ணூறுகளில் எல்லைக்கு எல்லை ஒளிந்து ஐரோப்பாவுக்குள் வந்து சேர்ந்தவன் அவன்.

"மாமா, அந்தக் கப்பலிலை பாஸ்போட் பாப்பினமோ?" என்பதே அவனது முதற் கேள்வி.

இரு நாடுகளும் ஷெங்கன் உடன்படிக்கையில் உள்ளன, வழக்கமான எல்லைச் சோதனை இல்லை, ஆயினும் கையில் வைத்திரு என்றேன். சற்று நேரம் பேசாதிருந்தவன், திட்டத்தில் இரண்டு நாட்களைக் கூட்டுவதாகச் சொன்னான்.