பிறந்த மண்ணை மறைத்த ஆசிரியை

1862ஆம் ஆண்டு மார்ச் மாதம், கைம்பெண் ஒருவர் தம் சிறுவன் லூயியின் கைபிடித்துப் பாங்காக் துறையில் இறங்கினார். மகள் ஏவிஸைக் கல்விக்காக இங்கிலாந்துக்கு அனுப்பியிருந்தார். பெற்ற மகளைப் பிரிந்து, பிறர் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்க அந்நிய மண்ணுக்கு வந்த அத்தாயின் பெயர் அன்னா லியோனோவன்ஸ்.

அவரை அழைத்தவர் சயாம் மன்னர் மோங்குட். அரியணை ஏறுமுன் 27 ஆண்டுகள் புத்தத் துறவியாக வாழ்ந்தவர் அவர். அந்நாளில் கத்தோலிக்க ஆயர் பலேகுவா அவருக்கு இலத்தீன் கற்பித்தார். ஆயர் அவரிடம் பாலி மொழி பயின்றார். அமெரிக்கப் போதகர்களிடமிருந்து மன்னர் ஆங்கிலமும் கற்றார். ஐரோப்பிய வல்லரசுகள் அண்டை நாடுகளை ஒவ்வொன்றாகக் கைப்பற்றி வந்த காலம் அது. அவர்களோடு அவர்கள் மொழியிலேயே பேசத் தெரிந்த தலைமுறை தம் நாட்டுக்குத் தேவை என்பதை மன்னர் உணர்ந்திருந்தார்.

ஆயினும் அன்னாவுக்கு எழுதிய மடலில் ஒரு நிபந்தனை விதித்தார். மொழியும் அறிவியலும் இலக்கியமும் கற்பிக்கலாம். மதமாற்ற முயற்சி கூடாது. இது நம்மில் சிலருக்கு உறுத்தலாம். ஆனால் தம் பிள்ளைகளை ஒப்படைக்கும் தந்தைக்கு எல்லை வகுக்கும் உரிமை இல்லையா? விருந்தினராய்ச் சென்ற வீட்டின் ஒழுங்கை மதிப்பதும் அறமன்றோ?

அன்னா ஐந்தாண்டுகள் அரண்மனையில் கற்பித்து, 1867இல் விடைபெற்றார். அவரிடம் பயின்ற சூலலோங்கோர்ன் மறு ஆண்டே மன்னரானார். 1874இல் தொடங்கிப் படிப்படியாக அடிமை முறையைத் தளர்த்தி, 1905இல் அதை முற்றிலும் ஒழித்தார். அந்தப் பெருமை முழுவதையும் ஆசிரியைக்கு அளிப்பது மிகை. மாணவனின் உள்ளத்தில் எந்த விதை யாரால் விழுந்தது என்பதை எவரால் அளவிட இயலும்?

மேலை நாடு சென்ற அன்னா 1870இலும் 1873இலும் சயாம் வாழ்வைப் பற்றி நூல்கள் வெளியிட்டார். அவற்றில் மன்னரைக் கொடியவராகத் தீட்டினார். நிலத்தடிச் சிறைகளைப் பற்றியும் எழுதினார். தோண்டினால் நீர் ஊறும் பாங்காக் மண்ணில் அத்தகைய சிறை இருந்திருக்க முடியாது என்று ஆய்வாளர் மறுக்கின்றனர். அந்நூல்களின் வழிவந்த 1956ஆம் ஆண்டுத் திரைப்படத்தைத் தாய்லாந்து தடை செய்தது. அன்னமிட்ட வீட்டைப் பற்றி எழுதும்போது எழுதுகோலுக்கும் மனச்சான்று வேண்டும்.

எனினும் அவரைத் தீர்ப்பிட நாம் விரையலாகாது. வேல்ஸ் நாட்டில் 1834இல் பிறந்ததாகவே அவர் வாழ்நாள் முழுவதும் கூறிவந்தார். சிலந்திகளை ஆராய்ந்து புகழ்பெற்ற பிரிஸ்டோ என்ற அறிஞர், லூயியின் வரலாற்றை எழுதும்பொருட்டுப் பழைய பதிவேடுகளைப் புரட்டினார். 1976இல் வெளியான அவரது நூல் உண்மையை வெளிப்படுத்தியது. அன்னா பிறந்தது 1831இல், நம் இந்திய மண்ணில், அகமத்நகரில்! தந்தை எளிய படைவீரர். தாய் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தவர். பாட்டி இந்தியப் பெண்ணாக இருக்கக்கூடும் என்பது ஆய்வாளர் கருத்து.

ஏன் மறைத்தார்? ஆங்கிலம் கற்பிக்கத் தேவை புலமை மட்டுமே. ஆனால் அன்றைய உலகம் ஆசிரியையின் பிறப்பையும் நிறத்தையும் கேட்டது. கணவரை இழந்து, இரு பிள்ளைகளோடு நின்ற ஒரு பெண், உலகம் கேட்ட விடையையே அளித்தார். பொய் பொய்யே, ஆயினும் அப்பொய்யை அவரிடம் கறந்த உலகுக்கும் அதில் பங்குண்டு. 1915இல் மாண்ட்ரியலில் கண்மூடும்வரை அவர் அச்சுமையை இறக்கி வைக்கவில்லை.

இன்றும் பிறர் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கக் கடல் கடப்போர் பலர். அவர்களிடம் என்ன கற்பிக்கத் தெரியும் என்று கேட்கிறோமா, எங்கே பிறந்தீர் என்று கேட்கிறோமா? எண்ணிப் பார்ப்போம்.