மணல் நடுவே ஒரு விருந்தினர் நகரம்



வெளியூர்ப் பயணம் என்று பேச்சு எழுந்தால் நம் வீடுகளில் மூன்று கேள்விகள் உடனே வந்துவிடும். எதைப் பார்ப்பது? என்ன சாப்பிடுவது? எங்கே தங்குவது? இந்த மூன்று கேள்விகளையும் இன்று ஒரு பாலைவன நகரத்தை வைத்து ஆராய்வோம். இந்தியாவின் மேற்குக் கோடியில், ராஜஸ்தான் மாநிலத்துத் தார்ப் பாலைவனத்தில் இருக்கும் ஜெய்சல்மேர் என்பதே அந்த நகரம். அங்குப் போக எண்ணுகிறவர்களுக்கு இப்பேச்சு வழிகாட்டும். போகாதவர்களுக்கும் பயன்படும். ஏனென்றால், இந்த மூன்று கேள்விகளும் கடைசியில் தண்ணீர் என்ற ஒரே பொருளில் வந்து முடிகின்றன.

நமது நாட்டில் ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கும் அதிகமாக மழை பெய்கிறது. ஜெய்சல்மேரில் ஏறக்குறைய 200 மில்லிமீட்டர்தான். நம் தோட்டத்தில் ஒரு மாதத்தில் பெய்துவிடும் மழையை வைத்துக்கொண்டு அந்த ஊர் ஓராண்டு முழுவதும் வாழ வேண்டும். சில ஆண்டுகளில் அதுவும் பொய்த்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் மனிதர்கள் ஏன் ஊர் அமைத்தார்கள்?

1156ஆம் ஆண்டில் ராவல் ஜெய்சல் என்ற ராஜபுத்திர அரசர், லோதுர்வா என்ற தம் பழைய தலைநகரை விட்டு, திரிகூடம் எனப்படும் குன்றின் மீது ஒரு கோட்டை எழுப்பினார். ஜெய்சலின் மேரு, அதாவது ஜெய்சலின் மலை என்பதே ஜெய்சல்மேர் ஆயிற்று. பழைய தலைநகர் பகைவர் எளிதில் தாக்கக்கூடிய சமவெளியில் இருந்தது. குன்று பாதுகாப்பானது. அத்துடன் அது ஒட்டக வணிக வழியின் மீதும் அமைந்திருந்தது. இந்தியாவின் உட்பகுதியிலிருந்து சிந்து நாட்டுக்கும், அதற்கு அப்பால் பாரசீகத்துக்கும் பட்டு, கம்பளி, அபினி முதலிய சரக்குகள் இந்த வழியாகப் போயின. நாள்கணக்கில் மணலில் நடந்து வரும் வணிகர்களுக்கு நிழல், தண்ணீர், காவல் மூன்றும் வேண்டியிருந்தன. அவற்றைக் கொடுத்து, அதற்கு வரி வாங்கி வளர்ந்தது இந்த நகரம். வந்தவர்களை வாழவைத்துத் தானும் வாழ்ந்த ஊர் அது.

எதைப் பார்ப்பது என்ற கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம்.

முதலில் பார்க்க வேண்டியது கடிசர் என்ற ஏரி. 14ஆம் நூற்றாண்டில் கட்சி சிங் என்ற அரசர் அதைத் திருத்தி அமைத்ததால் அவர் பெயரே ஏரிக்கு நிலைத்தது. குழாய் நீர் வரும் வரை ஊர் முழுவதும் இந்த ஏரியை நம்பித்தான் இருந்தது. குடத்தைத் தலையில் சுமந்து பெண்கள் நீர் எடுத்துப் போவார்கள். கரையிலே படித்துறைகளும் மண்டபங்களும் கோயில்களும் உள்ளன. கோட்டையைப் பார்த்துவிட்டு ஏரியைப் பார்ப்பவர்கள்தாம் அதிகம். ஏரியைப் பார்த்துவிட்டுக் கோட்டைக்குப் போனால், அந்தக் கோட்டை எதனால் நின்றது என்பது விளங்கும்.

அடுத்தது கோட்டை. மஞ்சள் நிற மணற்கல்லால் ஆனது. மாலை வெயில் படும்போது பொன்னைப் போல் மின்னுவதால் பொற்கோட்டை என்று பெயர் பெற்றது. அதைச் சுற்றி 99 கொத்தளங்கள் உள்ளன. உள்ளே இருக்கும் சமணக் கோயில்களின் கல் வேலைப்பாடு மிக நுட்பமானது. அங்குள்ள பழைய நூலகத்தில், நம் முன்னோர் எழுதியது போன்ற பனையோலைச் சுவடிகள் பல நூற்றாண்டுகளாகக் காக்கப்படுகின்றன. காற்றில் ஈரம் குறைவாக இருப்பதும் அந்தச் சுவடிகளுக்கு ஒரு காவல்தான். வறட்சியிலும் இப்படி ஒரு நன்மை உண்டு!

கோட்டைக்குக் கீழே உள்ள நகரில் ஹவேலி எனப்படும் வணிகர் மாளிகைகளைப் பார்க்கலாம். குமான் சந்த் பட்வா என்ற வணிகர் தம் ஐந்து புதல்வர்களுக்காக 1805இல் தொடங்கிய ஐந்து மாளிகைகள் அவற்றுள் பெயர் பெற்றவை. வாசலும் சன்னலும் மரத்தில் செதுக்கியவை போலத் தோன்றும். தொட்டுப் பார்த்தால் கல். ஒட்டகத்தின் முதுகில் வந்த செல்வம் இப்படிக் கல்லில் பூத்தது.

நகருக்கு வெளியே ஏறக்குறைய 18 கிலோமீட்டர் தொலைவில் குல்தரா என்ற பாழடைந்த கிராமம் இருக்கிறது. பாலிவால் பிராமணர்கள் என்ற சமூகத்தினர் அங்கு வாழ்ந்தார்கள். சரிவான நிலத்தின் குறுக்கே நீண்ட வரப்புக் கட்டி, ஓடிவரும் மழைநீரைத் தேக்கி, அது மண்ணில் ஊறிய பிறகு கோதுமையும் கடலையும் விதைத்தார்கள். இந்த முறைக்குக் கடின் என்று பெயர். பாலைவனத்தில் கோதுமை விளைத்த அந்த உழவர்கள் 19ஆம் நூற்றாண்டில் ஊரை விட்டு வெளியேறினார்கள். சாலிம் சிங் என்ற அமைச்சரின் கொடுமையும் வரிச்சுமையும் தாங்காமல் ஒரே இரவில் போய்விட்டார்கள் என்று மக்கள் கதை சொல்கிறார்கள். கிணறுகள் வற்றியதே காரணம் என்றும், சிறிது சிறிதாகவே ஊர் காலியாயிற்று என்றும் சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. எதுவாயினும், சட்டி பானையைக் கட்டிக்கொண்டு ஊர் விட்டு வந்தவர்களின் பிள்ளைகளான நமக்கு அந்த வெறும் வீடுகளின் துயரம் யாரும் விளக்காமலே புரியும்.

இனி, என்ன சாப்பிடுவது?

பச்சைக் காய்கறி அரிதான நாட்டில் ஒரு சமையல் வளர்ந்திருக்கிறது. கேர் சாங்கரி என்ற கறியை அங்கே அவசியம் உண்ண வேண்டும். கேர் என்பது முட்புதரில் காய்க்கும் சிறு காய். சாங்கரி என்பது கேஜ்ரி மரத்தின் நெற்று. அந்த மரம் நமக்கு அந்நியமன்று. தமிழ்நாட்டுக் கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னி மரமே அது. இரண்டையும் பருவத்தில் பறித்து, உலர்த்தி வைத்துக்கொண்டு ஆண்டு முழுவதும் மிளகாயும் எண்ணெயும் சேர்த்துச் சமைக்கிறார்கள். கூடவே கம்பு ரொட்டி. கம்பு நம் பாட்டிமார் அறிந்த தானியம்தான். கடலை மாவை உருட்டி வேகவைத்துத் தயிர்க் குழம்பில் போடுவதும் உண்டு. தண்ணீருக்குப் பதிலாக மோரையும் தயிரையும் பயன்படுத்திச் சமைப்பது அந்த நாட்டுப் பெண்கள் கண்ட வழி. ஆடும் மாடும் ஒட்டகமும் பால் தரும். வானம் தண்ணீர் தருமா என்பதுதானே சந்தேகம்! பெரிய ஓட்டல்களில் எல்லா நாட்டுச் சாப்பாடும் கிடைக்கலாம். ஆனால் அந்த மண்ணில் விளைந்ததை உண்பவரே அந்த மண்ணை அறிந்தவர் ஆவார்.

எங்கே தங்குவது என்பதே மூன்றிலும் பெரிய கேள்வி. அதற்கு விடை சொல்லுமுன் சற்று வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் பம்பாய்த் துறைமுகம் வளர்ந்தது. கப்பலும் இரயிலும் வந்தபின் ஒட்டக வழி தேய்ந்தது. 1947இல் நாடு பிரிந்தபோது சிந்து பாகிஸ்தானுக்குப் போனது. எஞ்சியிருந்த வணிகமும் எல்லையோடு நின்றது. 1965லும் 1971லும் போர்கள் நடந்தன. அந்தப் போர்களின் காரணமாகவே எல்லைப்புறமான ஜெய்சல்மேருக்குச் சாலைகளும் வசதிகளும் வந்து சேர்ந்தன. 1974இல் சத்தியஜித் ராய் இந்தக் கோட்டையை வைத்து ஒரு வங்காளத் திரைப்படம் எடுத்தார். அதைப் பார்த்த வங்காளிகள் கூட்டங்கூட்டமாக வந்தார்கள். பிறகு உலகமே வந்தது. வணிகரை இழந்த நகரம் மீண்டும் விருந்தினரைப் பெற்றது.

ஜெய்சல்மேர் கோட்டை ஆளில்லாத காட்சிப் பொருளன்று. இன்றும் சில ஆயிரம் மக்கள் அதற்குள் குடியிருக்கிறார்கள். பயணிகள் பெருகவே, வீடுகள் பல விடுதிகளாயின. அங்கேதான் ஆபத்து பிறந்தது. குடத்தில் சுமந்து வரும் நீரை அளந்து செலவழித்த மக்களுக்காகக் கட்டிய கோட்டை அது. பாத்திரத்தை மணலால் துலக்கிய காலம் அது. குழாய் வந்தது, குளியலறைகள் வந்தன, நீர்ச்செலவு பல மடங்கு ஏறியது. அந்த அளவு கழிவுநீரைத் தாங்க வடிகால் இல்லை. கசிந்த நீர் குன்றின் மென்மையான களிமண்ணில் இறங்கியது. களிமண் ஊறினால் கல் நிற்குமா? 1990களில் சுவரின் சில பகுதிகள் சரிந்தன. 1996இல் உலக நினைவுச்சின்ன நிதியம் என்ற அமைப்பு, ஆபத்தில் இருக்கும் சின்னங்களின் பட்டியலில் இந்தக் கோட்டையைச் சேர்த்தது. 2013இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. வடிகால்களைச் சீர்செய்யும் பணிகளும் நடந்திருக்கின்றன. ஆயினும் 2024 ஆகஸ்டில் பெய்த கனமழையில் சுவரின் ஒரு பகுதி மீண்டும் இடிந்தது.

தண்ணீர் இல்லாமையை எண்ணூறு ஆண்டுகள் வென்ற கோட்டையை, தண்ணீர் மிகுந்தது அரித்துக்கொண்டிருக்கிறது. நல்லெண்ணத்தோடு வந்த விருந்தினரின் குளியலறைதான் இந்த வேலையைச் செய்கிறது. இதற்காகக் கோட்டைக்குள் விடுதி நடத்துகிறவர்களைக் குறைகூறிப் பயனில்லை. அவர்கள் வயிற்றுப்பிழைப்பு அது. வழியை மாற்ற வேண்டியவர்கள் போகிறவர்களாகிய நாம்தாம்.

ஆகவே, தங்குவது கோட்டைக்கு வெளியே கீழ் நகரில் என்று வைத்துக்கொள்வோம். அங்கே எளிய விடுதிகளும் உண்டு, வசதியானவையும் உண்டு. மொட்டை மாடியில் அமர்ந்தால் கோட்டை முழுவதும் கண்ணுக்குத் தெரியும். பகலில் நடந்தே கோட்டைக்குள் செல்வோம். உள்ளே வாழ்கிறவர்களின் கடைகளில் பொருள் வாங்குவோம். உள்ளூர் வழிகாட்டிக்கு உரிய கூலியைக் கொடுப்போம். அப்போது அவர்கள் பிழைப்பும் கெடாது, கோட்டையும் கெடாது. எங்கே தங்கினாலும் ஒரு வாளித் தண்ணீரில் குளித்துப் பழகுவோம். லயத்துப் பொதுக்குழாயில் வரிசையில் நின்று தண்ணீர் பிடித்த நம் குடும்பங்களுக்கு அது புதிய பழக்கமன்று.

போகும் காலம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. கோடையில் வெயில் 45 பாகையைத் தாண்டுவதுண்டு. டில்லியிலிருந்தும் ஜோத்பூரிலிருந்தும் இரயில் உண்டு. இரவில் குளிர் கடுமையாக இருக்கும். பிள்ளைகளுக்குக் கம்பளி உடை எடுத்துச் செல்ல வேண்டும்.

விருந்தோம்பலைப் பற்றி நாம் பேசும்போது, வீட்டுக்காரர் கடமையையே பெரிதும் பேசுகிறோம். விருந்தாளிக்கும் கடமை உண்டு என்பதை இந்தப் பாலைவன நகரம் நமக்குச் சொல்கிறது. வந்த வீட்டின் தண்ணீர்ப் பானை எவ்வளவு கொள்ளும் என்று பார்த்து, அதற்குத் தக்கபடி நடப்பவரே நல்ல விருந்தாளி.